இல்லாத வீட்டை வரைவது எப்படி? வாசகர் கேள்வி – பதில்

பழைய வீட்டையும் முற்றத்தையும் படமாக வரைந்து வைப்பது பற்றி வன்னியின் பல ஊர்களிலிருந்தும் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்து, எங்கள் சித்திரப் பகுதியினர் பதில் தருகிறார்கள்.

கேள்வி: அம்மம்மாவின் வீடு 2009இல் அழிந்துபோனது. ஒரு புகைப்படம்கூடக் கையில் இல்லை. மண் வீடு, கிடுகுக் கூரை. பிற்காலத்தில் கட்டிய கல் அத்திவாரம் மட்டும் பற்றைக்குள் கிடக்கிறது. அம்மா சொல்லச் சொல்ல வரைகிறேன். முடித்துக் காட்டினால் "இது எங்கட வீடு மாதிரி இல்லை" என்கிறா. பிழை எங்கே?
– வாசகி, முள்ளியவளை

பதில்: பெரும்பாலும் சுவரில். சீமெந்து வீட்டில் வளர்ந்த கை தன்னையறியாமல் சுவரை ஒன்பது, பத்தடிக்கு உயர்த்திவிடும். கூரை சிறுத்துப்போகும். மண் வீட்டின் சுவர் ஆறடி, மிஞ்சினால் ஆறரை. கிடுகுக் கூரையோ நல்ல சரிவாக இருக்க வேண்டும்; ஏறத்தாழ 40 பாகைக்குக் குறைந்தால் தண்ணீர் வடியாமல் நின்று மாரியில் ஒழுகும். 16 அடி அகல வீட்டுக்கு இந்தச் சரிவில் சுவர் மட்டத்திலிருந்து முகட்டுவளை வரை 6 அடி 8 அங்குலம் வருகிறது. சுவரைவிடக் கூரை உயரம்! ஓட்டுக் கூரைக்கு 30 பாகை போதும். அதே அகலத்துக்கு 4 அடி 7 அங்குலம்தான். கோணமானி கையில் இல்லையென்றால், கிடுகுக்கு 6 சென்ரிமீற்றர் குறுக்கே போய் 5 மேலே ஏறுங்கள். ஓட்டுக்கு 7 குறுக்கே, 4 மேலே.

அடுத்தது தாவாரம். சுவருக்கு வெளியே இரண்டடி நீட்டியிருந்தால் அந்த விளிம்பு சுவரின் தலையிலிருந்து 1 அடி 8 அங்குலம் கீழே இறங்கியிருக்கும். சுவரின் உயரத்திலிருந்து அதைக் கழித்து, திண்ணையின் உயரத்தைக் கூட்டினால் முற்றத்திலிருந்து தாவாரம் எத்தனை அடி என்று தெரிந்துவிடும். நிற்பவரின் கண்மட்டம் சுமார் 5 அடி. தாவாரம் அதற்குக் கீழே என்றால், தூரம் போகும் தாவாரக் கோடு மேல்நோக்கி ஏற வேண்டும். அதற்கு மேலே என்றால் இறங்க வேண்டும். உயரமான கல்வீடுகளை வரைந்து பழகியவர்கள் எந்த வீட்டுக்கும் இந்தக் கோட்டை இறக்கியே போடுவார்கள். உங்கள் அம்மாவின் கண்ணுக்கு உறுத்துவது அநேகமாக இதுதான். அவரிடம் "கூரை எவ்வளவு உயரம்?" என்று கேட்டால் பதில் வராது. "உள்ளுக்குப் போகேக்க அம்மப்பா குனிவாரோ?" என்று கேளுங்கள்.

அறைகளுக்கும் அப்படித்தான். "அறை எத்தனை அடி?" என்பதைவிட "பாய் போட்டு வரிசையாக எத்தனை பேர் படுப்பீர்கள்?" என்பது பலன் தரும். ஓராளுக்கு இரண்டடி என்று கணக்கிடுங்கள். கிணற்றுக்கு எத்தனை எட்டு என்று சொன்னால், அது எத்தனை வயதுக் காலின் எட்டு என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். சிறு வயதில் விட்டுவந்த வீடு எல்லோருக்கும் பெரிதாகத்தான் நினைவிருக்கும்.

இவ்வளவையும் படத்தில் பிடிக்க முதலில் நிலப்படம் வேண்டும். அத்திவாரம் மிஞ்சியிருப்பது உங்கள் அதிர்ஷ்டம். நாலு பக்கத்தையும் அளந்து, பின் இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து பாருங்கள். அவை ஒத்துவராவிட்டால் வீடு கோணல். அதை அப்படியே போடுங்கள், நேராக்க வேண்டாம். வீட்டுக்கு 1:50 அளவுத்திட்டம் கைக்கு அடக்கம்: 24 அடிக்கு 16 அடி வீடு தாளில் 14.6 சென்ரிமீற்றருக்கு 9.8 ஆக வரும். வளவுக்கு 1:200. சதுரமான கால் ஏக்கர் A4 தாளில் 16 சென்ரிமீற்றர்ச் சதுரமாக அடங்கும். அரை ஏக்கருக்கு A3 வேண்டும்.

அத்திவாரமும் இல்லாதவர்களுக்குக் கிணறு இருக்கும், ஒரு பனையோ வேம்போ நிற்கும். அந்த இரண்டையும் நிலப்படத்தில் குறித்துவிட்டு, தெரிந்தவரைக் காணிக்குக் கூட்டிக்கொண்டு போய் "குசினி வாசல் எவடம்?" என்று கேட்டு நிற்கவையுங்கள். நின்ற இடத்திலிருந்து கிணற்றுக்கும் மரத்துக்கும் தனித்தனியே அளந்து, தாளில் கவராயத்தால் இரண்டு வில் போட்டால் வெட்டுகிற இடம் வாசல். வில்கள் இரண்டு இடத்தில் வெட்டும். எந்தப் பக்கம் என்பதில் அவருக்குச் சந்தேகம் வராது. ஒன்று மட்டும்: கண்ணிவெடி அகற்றி முடிந்த காணி என்று உறுதியாகத் தெரியாத பற்றைக்குள் அளவெடுக்க இறங்க வேண்டாம்.

கேள்வி: அண்ணை மாட்டுக்கொட்டில் கிழக்கே என்கிறார், அக்கா தெற்கே என்கிறா. யார் சொல்வதை வரைவது?
– வாசகர், மல்லாவி

பதில்: இருவரையும் ஒன்றாக இருத்திக் கேட்டதுதான் வினை. குரல் பெரிதானவரின் வீடுதான் கடைசியில் தாளில் வரும். அளந்து போட்ட வளவு எல்லையின் மேல் ரேசிங் தாளை வைத்து, ஒவ்வொருவரையும் தனியே, ஒவ்வொரு நிறப் பென்சிலால் குறிக்கச் சொல்லுங்கள். பிறகு தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து யன்னல் கண்ணாடியில் பிடித்துப் பாருங்கள். ஒத்துப்போகிற கோட்டை முழுக்கோடாகவும், ஒத்துப்போகாததை விட்டுவிட்டுப் போகும் கோடாகவும் நல்ல பிரதியில் போடுங்கள். சில வேளை இருவரும் சரியாக இருப்பார்கள். கொட்டில் இடம் மாறியிருக்கும். "எந்த ஆண்டு?" என்று கேட்டால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

காணி உறுதியையோ அனுமதிப்பத்திரத்தையோ தேடி எடுங்கள். நாலு எல்லையும் அதில் எழுதியிருக்கும். பழைய நில அளவைப் படங்களில் அளவு சங்கிலியில் இருக்கும்: ஒரு சங்கிலி 66 அடி. "ஓர் அங்குலத்துக்கு 4 சங்கிலி" என்றிருந்தால் அது 1:3168. போட்டோப் பிரதி எடுத்ததில் அடிமட்டத்தை வைத்து அளக்காதீர்கள். பிரதி எடுக்கையில் படம் கொஞ்சம் சுருங்கியோ விரிந்தோ இருக்கலாம். எழுதியிருக்கும் எண்ணை நம்புங்கள்.

கேள்வி: எங்கள் காணியில் பதுங்குகுழி இருந்தது. அதை வரையக் கூடாது என்கிறா அம்மா. வரையாவிட்டால் பொய் என்று எனக்குப் படுகிறது.
– வாசகி, விசுவமடு

பதில்: முதலில் ஆண்டைத் தீர்மானியுங்கள். வன்னியில் ஒரே வளவுக்குள் கிடுகு வீடு, ஓட்டு வீடு, தகரக் கொட்டில், பிறகு வீட்டுத்திட்டக் கல்வீடு என்று எத்தனையோ வந்துபோயிருக்கும். எல்லாவற்றிலும் பிடித்ததைப் பொறுக்கி ஒரே படத்தில் வைத்தால் அப்படியொரு வீடு ஒருநாளும் இருந்திருக்காது. 1990களின் மண்ணெண்ணெய்த் தட்டுப்பாட்டுக் காலம் என்றால் விறாந்தையில் ஜாம் போத்தல் விளக்குத்தான், மின்குமிழ் வரக்கூடாது.

ஆண்டு முடிவானால் நிலப்படத்தில் பதுங்குகுழி அதன் இடத்தில் கட்டாயம் இருக்க வேண்டும். அது பதிவு. முன்னால் மாட்டும் படத்தில் அது வருமா என்பது நீங்கள் நிற்கிற இடத்தைப் பொறுத்தது. நிலப்படத்தில் நிற்கும் புள்ளியைக் குறித்து, அங்கிருந்து 60 பாகைக்கு இரண்டு கோடு விரியுங்கள். அதற்குள் விழுவது மட்டுமே படம். 24 அடி முகப்பு அதற்குள் அடங்க, நேர் எதிரே குறைந்தது 21 அடி தள்ளி நிற்க வேண்டும். இதைவிடக் கிட்ட நின்று முழு வீட்டையும் வரைந்தால் ஓரங்கள் இழுபடும். படலைப் பக்கம் நின்றால் குழி தெரியும், கிணற்றடியில் நின்றால் வீட்டுக்குப் பின்னால் மறையும் என்றால், அம்மாவைக் கிணற்றடியில் நிற்கவிடுங்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

கேள்வி: கிடுகுக் கூரையை எப்படித்தான் தீட்டினாலும் பாய் விரித்தது போல இருக்கிறது. நீர்வர்ணம் திட்டுத் திட்டாகவும் காய்கிறது.
– வாசகர், கனகராயன்குளம்

பதில்: ஒவ்வொரு ஓலையாக வரைந்தால் பாய்தான் வரும். கூரை வேய்பவர் தாவாரத்தில் தொடங்கி முகட்டை நோக்கிப் போவார். மேல் வரிசை கீழ் வரிசையின் தலையை மூடும். ஆகவே வெளியே தெரிவது ஒவ்வொரு வரிசையின் கீழ்விளிம்பும் அதில் தொங்கும் ஓலை நுனிகளும்தான். அவற்றை மட்டும் வரையுங்கள், அதுவும் கூரையின் மூன்றிலொரு பங்கில். மிச்சத்தைப் பார்ப்பவரின் கண் நிரப்பிக்கொள்ளும்.

நிறம் கூரையின் வயதைச் சொல்ல வேண்டும். புதுக்கிடுகு மஞ்சட் பழுப்பு; ஒரு மாரி நனைந்தால் சாம்பலாகிவிடும். கறுப்பைக் கலந்து சாம்பல் செய்யாதீர்கள், கூரை தார் பூசினதாகத் தெரியும். பேர்ண்ட் சியன்னா (செம்பழுப்பு) இரண்டு பங்குக்கு அல்ட்ராமரீன் நீலம் ஒரு பங்கு சேர்த்தால் சூடான சாம்பல். நீலத்தைக் கூட்டினால் மழையில் ஊறிய கூரை. முதலில் கூரை முழுவதையும் சுத்தமான தண்ணீரால் ஈரமாக்குங்கள். யெலோ ஓக்கரை (மண் மஞ்சள்) நன்றாக ஐதாக்கி ஒரு பூச்சு. அது ஈரமாக இருக்கையிலேயே தாவாரப் பக்கம் சாம்பலைத் தொட்டுவிட்டு, முகட்டை வெளிறவிடுங்கள். முழுக்கக் காய்ந்த பிறகு, தண்ணீரில் கரையாத பிக்மென்ற் மைப் பேனையின் மெல்லிய முனையால் 3 மில்லிமீற்றர் அளவு இடைவெளியில் விளிம்புகள். அடிமட்டம் வேண்டாம், கோடு தொய்யட்டும், அங்கங்கே அறுபடட்டும். கடைசியாகத் தாவாரத்தின் கீழே சுவரில் விழும் நிழல். இதை ஒரே பூச்சில், தயங்காமல், நல்ல அடர்த்தியாகப் போடுங்கள். கூரைக்குப் பாரம் வருவது இந்த நிழலால்தான்; பலர் பயந்து வெளிறப் போட்டு வீட்டைக் கெடுக்கிறார்கள்.

திட்டு வருவதற்கு மூன்று காரணம் இருக்கலாம். ஒன்று வெக்கை: ஆடி மாதத்து மத்தியானத்தில் தூரிகை மறுகரைக்குப் போகமுன் தொடங்கிய இடம் காய்ந்து கோடு கட்டும். விடியற்காலையில் தீட்டுங்கள், மின்விசிறியை நிறுத்திவிடுங்கள். இரண்டாவது, பாதி காய்ந்த பூச்சில் தண்ணி கூடிய தூரிகையை வைப்பது. புதுத் தண்ணீர் பழைய நிறத்தைத் தள்ளிக்கொண்டு போய் ஓரத்தில் விடும். அந்த இடத்தைத் தொடாமல் காயவிட்டு மறுபூச்சில் சரிபாருங்கள். மூன்றாவது தாள். நீர்வர்ணத் தாளில் மை ஊறாமல் தடுக்கும் பசை ஏற்றியிருப்பார்கள். மாரி முழுவதும் ஈரச் சுவரோடு கிடந்த தாளில் அந்தப் பசை செத்துப்போய், நிறம் புள்ளி புள்ளியாக உள்ளே இறங்கும். அந்தத் தாளை ஒன்றும் செய்ய முடியாது, பென்சில் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்குவதென்றால் 300 ஜி.எஸ்.எம். (சதுர மீற்றருக்கு 300 கிராம்) தாள். அதற்குக் குறைந்தால் நனைந்து நெளியும். பள்ளிச் சித்திரக் கொப்பிதான் இருக்கிறது என்றால் நீர்வர்ணத்தை மறந்துவிட்டு நிறப் பென்சிலால் தீட்டுங்கள், கெட்டிக்காரத்தனம் அதுதான்.

வேலியையும் இதே கண்ணால் பாருங்கள். கதியால்கள் சம தூரத்தில் நிற்பதில்லை. கிளுவை ஒரு விதமாகவும் பூவரசு ஒரு விதமாகவும் துளிர்க்கும். எந்தக் கதியால் எந்த மரம் என்று வீட்டில் ஆருக்காவது கட்டாயம் தெரிந்திருக்கும்.

கேள்வி: சட்டகக் கண்ணாடியோடு ஒட்டிப்போன பழைய கலர்ப் படம் ஒன்று இருக்கிறது. வீட்டின் முகப்பு அதில் தெரிகிறது. உரித்தெடுக்கலாமா? படத்தில் சுவர் இளஞ்சிவப்பாக இருக்கிறது, வீட்டாரோ வெள்ளைச் சுண்ணாம்பு என்கிறார்கள்.
– வாசகி, முருங்கன்

பதில்: உரிக்காதீர்கள். தண்ணீரிலும் போடாதீர்கள். ஈரத்தில் படத்தின் மேற்படை இளகிக் கண்ணாடியைப் பிடித்திருக்கிறது. இழுத்தால் முகப்பு கண்ணாடியோடு போய்விடும். பின்னட்டையை மட்டும் கழற்றி, கண்ணாடியோடு சேர்த்தே பிரதி எடுங்கள். கொம்யூனிக்கேசன் கடைகளில் இருக்கும் மெல்லிய ஸ்கேனர்களில் கண்ணாடியின் தடிப்பால் படம் கலங்கும். கைத்தொலைபேசியே மேல்: வாசலோரம் நிழலில், பிளாஷ் இல்லாமல், தொலைபேசியைப் படத்துக்குச் சமாந்தரமாகப் பிடித்து எடுங்கள். உங்கள் பின்னால் ஒருவர் கறுப்புத் துணியை விரித்துப் பிடித்தால் கண்ணாடியில் எதிரொளி விழாது.

நிறத்தில் வீட்டார் சொல்வதுதான் சரி. 1970, 80களில் கழுவிய கலர்ப் படங்களில் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்கும், மிஞ்சுவது சிவப்பு. அந்தப் படத்தை நிறத்துக்கு நம்பாதீர்கள், அளவுக்கு நம்புங்கள். பூசாத கல்லுச் சுவர் என்றால் வரிசைகளை எண்ணுங்கள்: சீமெந்துக் கல் சாந்தோடு சேர்த்து வரிசைக்கு 8 அங்குலம், 13 வரிசைக்கு 8 அடி 8 அங்குலம். சுவரில் சாத்தியிருக்கும் பெரிய சைக்கிளின் சில்லு ரயரோடு 28 அங்குலம். சைக்கிள் சுவரோடு ஒட்டி நின்றால்தான் இந்தக் கணக்குச் சரிவரும். முற்றத்தின் நடுவில் நின்றால் சுவர் குறைந்து காட்டும்.

கேள்வி: நிழலை எந்தப் பக்கம் போடுவது?
– பாடசாலை மாணவன், அக்கராயன்

பதில்: நல்ல கேள்வி, பெரியவர்களே தடுமாறுகிறார்கள். கிளிநொச்சி ஏறத்தாழ வடக்கு 9.4 பாகையில் இருக்கிறது. சித்திரை (ஏப்ரல்) நடுப்பகுதியிலும் ஆவணி (ஓகஸ்ட்) கடைசியிலும் மத்தியானச் சூரியன் உச்சந்தலைக்கு மேல். அந்த இரண்டுக்கும் இடையிலான மாதங்களில் சூரியன் வடக்கே நிற்கும், மத்தியான நிழல் தெற்கே விழும்: ஆனி மாதத்தில் 10 அடிக் கம்பத்துக்கு இரண்டரை அடி. மார்கழியில் எதிர்ப்பக்கம்: அதே கம்பத்துக்கு வடக்கே ஆறரை அடி. காலையில் மேற்கே, பின்னேரம் கிழக்கே என்பது உனக்குத் தெரியும். உன் நிலப்படத்தில் வடக்குத் திசை குறித்திருக்கிறாயா? இல்லையென்றால் முதலில் அதைக் குறி. மாதத்தையும் சரிபார்த்துக்கொள், முற்றத்தில் காலபோக நெல்லுக் காயப்போட்டிருந்தால் ஆனி மாத நிழல் பொருந்தாது.

கேள்வி: அப்பப்பாவைத் திண்ணையில் இருத்தி வரைய ஆசை. முகம் சரியாக நினைவில்லை.
– வாசகர், புதுக்குடியிருப்பு

பதில்: 1:50 அளவில் ஐந்தரை அடி ஆள் நின்றால் 3.4 சென்ரிமீற்றர், தலை நாலரை மில்லிமீற்றர். அந்த அளவில் மூக்கும் கண்ணும் தேவைப்படாது. வைத்தால் உருவம் கெடும். ஆளை அடையாளம் காட்டுவது இருப்பு: ஒரு காலை மடித்து இருப்பாரா, தூணில் சாய்வாரா, துவாய் எந்தத் தோளில், சாறமா வேட்டியா. அவரோடு பழகிய ஒருவரை அப்படி இருந்து காட்டச் சொல்லி அதைப் பார்த்து வரையுங்கள். நினைவில் இல்லாத முகத்தைப் பெரிதாக வரைந்து சுவரில் மாட்டினால், பேரப்பிள்ளைகள் அந்த முகத்தையே அப்பப்பா என்று எடுத்துக்கொள்வார்கள். வேண்டாம்.

கேள்வி: தொலைபேசிச் செயலியில் போட்டால் ஒரு நிமிடத்தில் படம் ஓவியமாகிறதே?
– வாசகி, பரந்தன்

பதில்: ஆகும். கிடுகை வைக்கோலாக்கும், படலையை வெளிநாட்டு மரக்கேற்றாக்கும், பனையைத் தென்னையாக்கும். வாழ்த்து அட்டைக்குப் போதும்.

கேள்வி: முடித்த படத்தை லமினேற் செய்யலாமா? கனடாவில் இருக்கும் மாமாவுக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும்.
– வாசகர், செட்டிகுளம்

பதில்: மூலப்படத்தை ஒருபோதும் லமினேற் செய்யாதீர்கள். சூட்டில் ஒட்டிய பிளாஸ்ரிக்கைப் பிறகு கழற்ற முடியாது. ஓரத்தால் ஈரம் புகுந்தால் பூஞ்சணம் உள்ளேயே வளரும். கண்ணாடிச் சட்டகம் போடுங்கள், ஆனால் படம் கண்ணாடியைத் தொடக்கூடாது. நடுவில் யன்னல் வெட்டிய மவுண்ட் அட்டை மூன்று மில்லிமீற்றராவது இடைவெளி தர வேண்டும். பிறிஸ்டல் போட்டை அதற்குப் பாவித்தால் சில வருடத்தில் மஞ்சளாகிப் படத்தையும் பழுதாக்கும்; அமிலமற்ற அட்டை கேட்டு வாங்குங்கள். படத்தை மேல் ஓரத்தில் இரண்டே இடத்தில் தாள் கீலால், ஐதான கோதுமை மாப் பசையில் தொங்கவிடுங்கள். நாலு பக்கமும் ஒட்டினால் மாரியில் தாள் விரிய இடமில்லாமல் நெளியும். செலோரேப் கூடவே கூடாது, அதன் பசை தாளுக்குள் ஊறி மண்ணிறமாகும்.

மழைச் சாரல் அடிக்கும் வெளிச்சுவரிலும் பின்னேர வெயில் விழும் இடத்திலும் மாட்டாதீர்கள். சட்டகத்தின் பின்புறம் கீழ் மூலைகளில் சிறு தக்கைத் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்றுப் போகும், கறையான் ஏறினாலும் கண்ணில் படும். மாரி காலத்தில் மாதம் ஒருமுறை கழற்றிப் பின்பக்கத்தைப் பாருங்கள்.

மாமாவுக்கு: சட்டகம் போடுமுன் A4 படத்தை 600 டி.பி.ஐ.யில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்யுங்கள். அதிலிருந்து A2 அளவு வரை 300 டி.பி.ஐ. குறையாமல் அச்சிடலாம். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருக்கிவிடும், 'டொக்யூமென்ற்' ஆக அனுப்புங்கள். நிலப்படத்தையும் சேர்த்து அனுப்புங்கள். பார்த்துவிட்டு மாமா திருத்தம் சொல்லக்கூடும். ஆகவே இந்தப் பிரதியைச் சட்டகம் போடும் கடைக்குப் போகுமுன் அனுப்புவது நல்லது.

கேள்வி: படத்தின் பின்னால் என்ன எழுதி வைப்பது?
– வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: ஊரும் குறிச்சியும், படம் எந்த ஆண்டு வீட்டைக் காட்டுகிறது, யார் யார் சொன்னது, அவர்கள் வீட்டாருக்கு என்ன முறை, எது அளந்தது, எது நினைவிலிருந்து, வரைந்த திகதி. 2B பென்சிலால், அழுத்தாமல், கீழ் ஓரத்தில். குமிழ்முனைப் பேனை எழுத்து முன்பக்கம் புடைக்கும், மையும் நாளடைவில் ஊறும். இதே விவரத்தை இன்னொரு தாளிலும் எழுதிச் சட்டகத்தின் பின்னட்டைக்கு வெளியே ஒட்டுங்கள். உள்ளே எழுதியதைப் பார்க்க ஆரும் ஆணி கழற்றப்போவதில்லை.